அம்பில் நூல் கட்டி எய்தால் பட்ட பன்றி கிடைக்குமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். வன்னியில் முத்தையன்கட்டுப் பக்கம் காட்டோர வயல். நெல் குடலையில் நிற்கும்போது பன்றி இறங்குகிறது. கனடாவிலிருந்து வந்த மாமா ஒரு கொம்பவுண்ட் வில்லை, கப்பி பூட்டிய நவீன வில்லை, வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். போன மாரியில் ஒரு பன்றிக்கு அம்பு பட்டும் அது பற்றைக்குள் மறைந்துவிட்டது, மூன்றாம் நாள் நாற்றத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தீர்கள். இப்போது வீடியோவில் அம்பில் நூல் கட்டி எய்து, நூல் போன வழியே போய் விலங்கை எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். அது நம் காட்டுக்குச் சரிவருமா, தங்கூசியை, அதாவது மீன்பிடிக்கும் நைலோன் இழையை, பால்மாப் பேணிக்குள் சுற்றிவைத்து நாமே செய்யலாமா, நூலை அம்பின் எந்த முனையில் கட்டுவது என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: பட்ட விலங்கை இழக்காமல் இருப்பது எப்படி? அதற்கு நூல் ஒரு சின்ன விடை மட்டும்தான். அந்தச் சின்ன விடையை முதலில் முழுக்கச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இதில் என்ன பழக்கம் என்று நீங்கள் அறிய வேண்டும். நான் பிறந்தது நெடுங்கேணிப் பக்கம். சின்ன வயதில் அம்மாவின் தகப்பன், நாங்கள் அப்பு என்று கூப்பிடுவோம், அவருக்குப் பின்னால் காட்டில் அடி பார்த்துத் திரிந்தவன். பிறகு கனடாவில் ஒன்ராறியோவின் வடக்கில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தேன். அங்கே வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்து, அனுமதிப்பத்திரம் எடுத்து, வில்லோடு கரடிக்கும் வான்கோழிக்கும் போனேன். சில இலையுதிர் காலங்களில், மற்றவர்கள் எய்த கரடியைத் தேடிக் கொடுக்கும் வேலையும் பார்த்தேன். நூல் உருளையைக் கையாண்டது அங்கேதான். பன்றிக்கு நூல் வைத்து நான் எய்ததில்லை. ஆகவே கரடியைப் பற்றிச் சொல்வதை அனுபவமாக எடுங்கள், பன்றியைப் பற்றிச் சொல்வதைக் கணிப்பாக எடுங்கள்.

கருவி எளிமையானது. வில்லின் ஆட்டத்தைக் குறைக்க முன்னே ஒரு குட்டைத் தடி பூட்டுவார்களே, அந்தத் துளையில் ஒரு சின்னக் குப்பியைப் பூட்டுவார்கள். குப்பிக்குள் மெல்லிய நைலோன் நூல் உருளை. வெள்ளை அல்லது செம்மஞ்சள் நிறம், 500 முதல் 750 மீற்றர் வரை நீளம், பத்துப் பன்னிரண்டு கிலோ இழுவை தாங்கும். உருளை சுற்றாது. நூல் அதன் உள்பக்கத்திலிருந்து உரிந்து வரும். கடையில் சரை கட்டும் நூற்பந்தை நடுவிலிருந்து இழுப்பார்களே, அதே விதம். முழுச் சூட்சுமமும் இதில்தான் இருக்கிறது. அம்பு செக்கனுக்கு எழுபது, எண்பது மீற்றர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்துக்கு ஒரு உருளை சுழன்று ஈடுகொடுக்க வேண்டுமென்றால், அது சுழலத் தொடங்குவதற்குள் நூல் அறுந்துவிடும் அல்லது அம்பு திரும்பிவிடும்.

அதனால்தான் உங்கள் தங்கூசி யோசனையை விட்டுவிடச் சொல்கிறேன். தங்கூசி ஒற்றை இழை, விறைப்பானது. சுற்றிவைத்த வளையத்தை மறக்காது. பேணிக்குள்ளிருந்து வரும்போது சுருள் சுருளாகத் துள்ளி வரும், ஒரு சுருள் இன்னொன்றுக்குள் விழுந்தால் முடிச்சு. மீன்பிடிக்கும்போது முடிச்சு விழுந்தால் திட்டிக்கொண்டு இருந்து அவிழ்க்கலாம். இங்கே முடிச்சு விழும் கணத்தில் கத்தி பூட்டிய அம்பு உங்கள் முகத்துக்கு ஒரு பாகம் முன்னால் நிற்கும். ஒருமுறை நூல் சட்டைக் கை பொத்தானில் மாட்டி, அம்பு பதினைந்தடி போய்க் குறுக்கே திரும்பி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். யாருக்கும் படவில்லை. அதற்குப் பிறகு நூல் பூட்டினால் கைக்கு இறுக்கமான சட்டை மட்டும்தான் போடுவேன்.

எங்கே கட்டுவது? முன்பக்கம், அம்புமுனையின் கத்திகளுக்குப் பின்னால். முனையைத் திருகிக் கழற்றி, நூலில் ஒரு வளையம் போட்டு, அதன் மேல் முனையை இறுக்கித் திருகுவது வழக்கம். வால்பக்கம் கட்டினால் அம்பு நேராகப் பறக்கும் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் விலங்கு ஓடும்போது வெளியே நீட்டி நிற்கும் அம்பின் வால்தான் முதலில் மரத்தில் அடித்து முறியும். அதோடு நூலும் போய்விடும். முனை உடம்புக்குள்ளே இருக்கும், நூலும் அதோடு இருக்கும். அம்பு முழுவதாக ஊடுருவி மறுபக்கம் போய்விட்டாலும், ஊசியில் கோத்த நூல் துணிக்குள்ளால் போவதுபோல விலங்கின் உடம்புக்குள்ளால் நூல் போயிருக்கும். சில நேரம் அம்பு இழுபட்டு வந்து காயத்தின் வாயில் குறுக்கே மாட்டி நிற்கும், அது அதிர்ஷ்டம். சில நேரம் எலும்பிலோ கத்தியிலோ உரசி நூல் அறும். நூல் கத்தியின் விளிம்பில் படாதபடி அம்பின் ஓரமாகவே வரவேண்டும். வில்லை முழுக்க இழுக்கும்போது நூல் விறைக்காத அளவுக்குத் தளர்வு விட வேண்டும். அந்தத் தளர்வு கை மணிக்கட்டிலோ அம்பு தங்கும் இடத்திலோ சுற்றிக்கொள்ளக் கூடாது. நூலின் மறுமுனையை வில்லோடு கட்டவே கூடாது. ஓடுகிற விலங்கின் நூலை விரலால் பிடித்து நிறுத்தப் பார்த்தவரின் விரலைப் பார்த்திருக்கிறேன், கம்பியால் அறுத்ததுபோல இருந்தது.

நூல் கட்டிய அம்பு கீழே இறங்கும். நூலின் இழுவை சிறிதுதான், ஆனால் தூரம் கூடக்கூட அதுவும் கூடும். பதினைந்து யார் தூரத்துக்குள் (ஒரு யார் மூன்று அடி) பெரிய வித்தியாசம் தெரியாது. இருபதைத் தாண்டினால் எனக்கு நம்பிக்கையில்லை. காற்று குறுக்கே வீசினால் நூல் பாய்மரம்போல வளைந்து அம்பைப் பக்கத்துக்கு இழுக்கும். மழையில் நனைந்த உருளை ஒட்டிக்கொண்டு சரியாக உரியாது. ஆகவே நூலோடு எய்யப் போகிறவர் நூலோடுதான் பழக வேண்டும். ஒவ்வொரு தடவையும் நூல் வீணாகும், பழகிய நூலை மறுபடி சுற்றிப் பாவிக்க முடியாது. பெரும்பாலானவர்கள் இந்தச் சோம்பலால்தான் பழகாமலே போகிறார்கள். பிறகு கருவி கூடாது என்கிறார்கள்.

இவ்வளவு தொல்லைக்கும் ஏன் இதைக் கண்டுபிடித்தார்கள் என்றால், இரத்தம் சிந்தாத விலங்குகளுக்காக. இலையுதிர் காலத்துக் கருங்கரடிக்குத் தோலுக்கடியில் கனத்த கொழுப்பு. காயத்தின் வாயை அந்தக் கொழுப்பே அடைத்துவிடும். வருகிற கொஞ்ச இரத்தத்தையும் அடர்ந்த மயிர் உறிஞ்சிவிடும். பாதம் மெத்தை, குளம்புபோல மண்ணைக் கிண்டாது. மரத்தின் மேலிருந்து எய்வதால் காயம் உடம்பின் மேல்பக்கத்தில் இருக்கும், இரத்தம் உள்ளேயே நிரம்பும். அந்தி நேரம், நெருங்கிய ஊசியிலைக் காடு. இந்த ஐந்தும் சேரும் இடத்தில் நூல் உதவும். வான்கோழிக்கும் அப்படித்தான், பட்ட பிறகும் சிறகடித்துப் பறந்து பற்றைக்குள் விழும், இரத்தமே இருக்காது. பன்றிக்கும் கொழுப்பு உண்டு, சேற்றுப் பூச்சு உண்டு. முதிர்ந்த ஆண்பன்றிக்குத் தோள் மேல் கேடயம்போலத் தடித்த தோல் உண்டு. ஆகவே கொள்கையளவில் பன்றி நூலுக்கு ஏற்ற விலங்குதான். உங்கள் யோசனை பிழையில்லை.

ஆனால் நூல் திசையைச் சொல்லும், சாவைச் சொல்லாது. ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒருவர் அந்தியில் கரடிக்கு எய்தார். குப்பியிலிருந்து நூல் சர்ரென்று உரிந்தது, கொஞ்சம் நின்றது, மறுபடி மெல்ல உரிந்தது, பிறகு நின்றேவிட்டது. விழுந்துவிட்டது, போவோம் என்று அவருக்கு அவசரம். நூல் நின்றால் மூன்று காரணம் இருக்கலாம்: விலங்கு விழுந்திருக்கும், படுத்திருக்கும், அல்லது நூல் கழன்றிருக்கும். மூன்றில் எது என்று நூல் சொல்லாது. நான் நூலை வில்லருகே அறுத்து ஒரு மரத்தில் கட்டிவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன். விடிந்து போனோம். நூற்றைம்பது மீற்றர் வரை நூல் அழகாகக் கூட்டிப்போய், ஒரு முறிந்த அம்பில் முடிந்தது. அங்கே கரடி இல்லை. நூலையே பார்த்து நடந்த அவர், இருபது அடி பின்னால் இடப்பக்கம் ஒரு பாசியில் தேய்த்திருந்த இரத்தத்தைக் கவனிக்கவில்லை. கரடி அம்பை முறித்துவிட்டு, வந்த வழியே கொஞ்சம் திரும்பி இடப்பக்கம் இறங்கியிருந்தது. அந்தப் பாசியிலிருந்து அது கிடந்த இடத்துக்கு அறுபது மீற்றர். அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு மணித்தியாலம் எடுத்தது. நூல் இல்லாவிட்டால் அந்த முதல் நூற்றைம்பது மீற்றருக்கு அரைநாள் போயிருக்கும், அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

சரி, இனி நம் காடு. ஒன்ராறியோக் காட்டில் முள் குறைவு. இங்கே சூரை, ஈச்சு, கிளா, எல்லாம் பின்னிக் கிடக்கிறது. பன்றி அதற்குள் நிமிர்ந்து ஓடாது, முட்டித் துளைத்துக்கொண்டு போகும். பத்துக் கிலோ தாங்கும் நூல் ஒரு சூரை முள்ளில் இரண்டு சுற்றுச் சுற்றினால் எவ்வளவு நேரம் நிற்கும் என்று நினைக்கிறீர்கள்? என் கணிப்பில் பாதி நேரம் முதல் ஐம்பது மீற்றருக்குள் அறும். ஆனால் அந்த ஐம்பது மீற்றர்தான் வயலிலிருந்து பற்றைக்குள் எந்த இடத்தால் நுழைந்தது என்பதைச் சொல்லும். அதற்கு ஒரு பெறுமதி இருக்கிறது.

என்னை யோசிக்க வைப்பது முள் இல்லை. வன்னிக் காட்டில் பன்றி போகும் தடத்துக்குக் குறுக்கே ஒரு மெல்லிய நூல் தெரிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: மறுமுனையில் கட்டுத்துவக்கு இருக்கிறது, நூலை இடறினால் தானே வெடிக்கும்படி கட்டிவைத்த துவக்கு. கொஞ்சம் வயதானவர்களுக்கு இன்னும் ஒரு அர்த்தமும் உண்டு, அது யுத்தகாலத்து இழுவைக் கம்பி. தேன் எடுக்கப் போகிறவர், மாடு தேடிப் போகிறவர், எல்லோருடைய கண்ணும் அந்த நூலைத் தேடிப் பழகிய கண். அந்தக் காட்டில் நீங்கள் அரைக் கிலோமீற்றர் நூலை இழுத்து விட்டால் அடுத்த நாள் வருகிறவரின் நெஞ்சு நின்றுவிடும். அதைவிட மோசமானது மறுபக்கம். அந்தியில் உங்கள் வெள்ளை நூலைப் பின்பற்றிக் குனிந்து போகிறீர்கள். கண் முழுக்க ஒரு நூலில் இருக்கிறது. அதற்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில் வேறொருவர் கட்டிய நூல் இருந்தால் நீங்கள் அதைப் பார்ப்பீர்களா? பட்ட பன்றி தனக்குப் பழகிய தடத்தால்தான் போகும். கட்டுத்துவக்கும் அதே தடத்தில்தான் கட்டியிருக்கும். மிதிவெடியும் அப்படித்தான். 2009க்குப் பிறகு பெரும்பகுதி நிலம் துப்பரவாக்கப்பட்டது உண்மை. ஆனால் சிவப்புப் பலகை நிற்கும் இடத்துக்குள் நூல் போனால் நூலை அங்கேயே அறுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். இன்னும் துப்பரவு வேலை நடக்கும் இடம், பலகை விழுந்த இடம் எது என்பதை ஊரில் மாடு வளர்ப்பவர்களிடம் கேளுங்கள். யானையும் கரடியும் இரவில் நடமாடுவதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அப்பு நூல் வைத்ததில்லை. அவர் செய்தது வேறு. பட்ட இடத்தில் முதலில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். அது சோம்பல் என்று சின்ன வயதில் நினைத்தேன். அது காத்திருப்பு என்பதைப் பிறகு கனடாவில் புத்தகம் வைத்துப் படிப்பித்தார்கள். நுரையோடு இளஞ்சிவப்பாக இரத்தம் இருந்தால் நெஞ்சுக்குள் பட்டது, அரை மணித்தியாலம் போதும். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல், மூன்று நான்கு மணித்தியாலம். தண்ணீராகவும் புளித்த நாற்றத்தோடும் இரை கலந்தும் இருந்தால் வயிறு, ஆறு மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது. குளிர் நாட்டில் இது சரி. நம் வெக்கையில் அவ்வளவு நேரத்துக்குள் இறைச்சி கெட்டுவிடும், நரியும் வந்துவிடும். அப்படியிருந்தும் காத்திருக்கத்தான் சொல்வேன். வயிற்றில் பட்டதைத் துரத்தினால் எழுந்து ஒரு கட்டை தூரம் போய்விடும், பிறகு ஒருவருக்கும் கிடைக்காது. தனியன், அதாவது தனியாகத் திரியும் ஆண்பன்றி, என்றால் திரும்பி வெட்டவும் செய்யும்.

தேடத் தொடங்கினால் அப்பு விலங்கின் காலடித் தடத்தின் மேல் நடக்கமாட்டார், பக்கத்தால் நடப்பார். கடைசியாக இரத்தம் கண்ட இடத்தில் ஒரு பச்சைக் கொப்பை முறித்துக் குத்திவிட்டு, அடுத்த துளி கிடைக்கும் வரை அந்தக் கொப்பை விட்டு விலகமாட்டார். நிலத்தை மட்டும் பார்க்கமாட்டார், பன்றியின் தோள் உயரத்தில் இலைகளின் இரண்டு பக்கத்தையும் பார்ப்பார். சில இலைகளில் சிவப்புப் புள்ளி இயற்கையாகவே இருக்கும். எச்சில் தொட்டுத் தேய்த்தால் இரத்தம் கரையும், புள்ளி கரையாது. இலையான் மொய்ப்பதையும் எறும்பு ஊர்வதையும் வைத்து, எங்கள் கண்ணுக்குத் தெரியாத துளியைக் காட்டுவார். மருந்துக் கடையில் புண் கழுவ விற்கும் ஐதரசன் பெரொக்சைட்டைச் சந்தேகமான புள்ளியில் தெளித்தால், இரத்தம் என்றால் நுரைக்கும். இது அப்புவுக்குத் தெரியாது, நான் கனடாவில் கற்றது. நூலைவிட இந்தச் சின்னப் போத்தல் எனக்குக் கூட உதவியிருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட ஒரு நாய் நல்லது. ஜேர்மனியில் பட்ட விலங்கின் மோப்பத்தைப் பிடிப்பதற்கென்றே வளர்த்தெடுத்த நாயினங்கள் இருக்கின்றன. வட அமெரிக்காவிலும் பல இடங்களில் நீளக் கயிற்றில் கட்டிய நாயோடு தேடச் சட்டம் விடுகிறது. நம் ஊர் நாய்க்கு அந்தப் பெயர் இல்லை, மூக்கு இருக்கிறது. ஆனால் கயிற்றில் வைத்திருங்கள். அவிழ்த்துவிட்ட நாய் பட்ட பன்றியிடம் வெட்டு வாங்கும், அல்லது முன்னால் ஓடிக் கட்டுத்துவக்கில் மாட்டும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நான் சட்டத்தரணி இல்லை. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி மான், மரை எல்லாம் பாதுகாக்கப்பட்டவை, தொடக்கூடாது. காட்டுப் பன்றிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் உங்கள் வயல் எல்லை முடியும் இடத்தில் ஒதுக்கக்காடு தொடங்குகிறது என்றால், பட்ட பன்றியின் பின்னால் வில்லோடு அதற்குள் நுழையும் கணத்தில் நிலைமை மாறிவிடுகிறது. பன்றி எங்கே பட்டது என்று விளக்கம் சொல்லி அங்கே தப்ப முடியாது. நூல் உங்களை நேரே கூட்டிப்போகும் இடம் அதுதான். வில்லைத் தூக்கும் முன் வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். பக்கத்துக் கடைக்காரர் சொன்னார் என்பது காணாது.

இனி என் அபிப்பிராயம். உங்கள் பிரச்சினை நெல் என்றால் வில் அதற்குக் கருவியே இல்லை. ஒரு பன்றியை எய்தால் மற்றப் பத்தும் நாளை வரும். வேலியும், குடலை தொடங்கி வெட்டும் வரை பரணில் ஒரு ஆளும் ஒரு ரோச்சும்தான் வயலைக் காக்கும். உங்களுக்கு வில்லில் ஆசை என்றால் அது வேறு கதை, அதில் பிழையில்லை. வைக்கோல் கட்டில் தினமும் எய்து, பதினைந்து யாரில் கைப்பிடியளவு வட்டத்துக்குள் பத்துக்குப் பத்து விழும் வரை உயிருள்ள எதற்கும் எய்யாதீர்கள். போன மாரியில் அந்தப் பன்றியை நீங்கள் இழந்தது நூல் இல்லாததால் இல்லை என்று நினைக்கிறேன். மூன்றாம் நாள் எங்கே கிடந்தது என்று எழுதவில்லை. அது பற்றைக்குள் நூறு மீற்றருக்குள் கிடந்திருந்தால், காலையில் ஆறுதலாக இரண்டு பேர் தேடியிருந்தாலே கிடைத்திருக்கும்.

மாமா எப்படியும் ஒரு உருளை அனுப்பத்தான் போகிறார் என்றால், வைக்கோல் கட்டில் பழகும்போதும் எய்த நூல் முழுவதையும் திரும்பப் பொறுக்குங்கள். நைலோன் உக்காது. மயிலின் காலிலும் கன்றின் வாயிலும் மாட்டும். நான் திரும்பி வரும்போது பெட்டிக்குள் இரண்டு உருளை மிஞ்சி வந்தது. ஒன்று இன்னும் உறை பிரிக்காமல் கிடக்கிறது. மற்றதில் கிணற்றடிப் பயற்றங்கொடிக்குப் பந்தல் இழுத்திருக்கிறேன், இரண்டு மாரி கண்டும் அறவில்லை.